காயமா, நோயா?

காலையில் தொட்டி விளக்கைப் போட்டதும் முதலில் கண்ணில் படுவது அந்தக் குறிதான். நேற்று இரவு வரை மாசுமறுவில்லாமல் இருந்த சர்ஜன் மீனின் விலாவில் ஒரு வெள்ளைக் கீற்று. வீட்டுக்காரர் பதறுகிறார். பத்து நிமிடத்தில் கடைக்காரருக்கு போன் போகிறது. குறி புள்ளியா கோடா, ஒரு பக்கமா இரண்டு பக்கமா, மீன் தின்கிறதா, மற்ற மீன்கள் எப்படி இருக்கின்றன போன்ற கேள்விகள் எதுவும் எதிர்முனையிலிருந்து வருவதில்லை. வருவது ஒரு மருந்தின் பெயர். மாலைக்குள் மருந்து தண்ணீரில் கலந்துவிடுகிறது. இரண்டு நாளில் நத்தைகள் கண்ணாடியை விட்டு உதிர்கின்றன, இறால் மல்லாந்து கிடக்கிறது, பவளங்கள் சுருங்குகின்றன. கடைசியில் மீனும் போய்விடுகிறது. எந்தக் கீற்றுக்காக இத்தனையும் நடந்ததோ அது பாறையில் உரசியதால் வந்த வெறும் சிராய்ப்பு. சும்மா விட்டிருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. "எதிலோ இடித்துக்கொண்டிருக்கும், தானாகச் சரியாகிவிடும்" என்று விட்டுவைத்த புள்ளி, பத்துப் பதினைந்து நாளில் தொட்டியையே காலி செய்துவிடும். முதல் கதையில் அவசரம், இரண்டாவதில் அலட்சியம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். பார்த்தது காயமா நோயா என்று பிரித்தறியத் தெரியவில்லை.

நன்னீர் மீன் என்றால் இழப்பு பெரும்பாலும் பணத்தோடு போகும். சென்னை கொளத்தூரிலோ கொல்கத்தாவின் காலிஃப் தெரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ விற்கும் கப்பியும் மாலியும் பண்ணையில் பிறந்து பண்ணையில் வளர்ந்தவை. கடல் மீனின் பூர்வீகம் வேறு. உலகச் சந்தைக்கு வரும் கடல் அலங்கார மீன்களில் மிகப் பெரும்பாலானவை இன்றும் பவளத்திட்டுகளில் பிடிக்கப்பட்டவையே. தொட்டியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க வைக்கப்பட்ட இனங்கள் குறைவு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம், விழிஞ்ஞம் நிலையங்கள் கோமாளி மீனையும் சில டாம்செல் வகைகளையும் இப்படி வளர்த்துக் காட்டியிருக்கின்றன. 2003இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தால் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்துபோன கோமாளி மீனுக்கு இந்த வகையில் அதிர்ஷ்டம். அதே படத்தில் மறதிக்காரியாக வரும் நீல சர்ஜன் மீனுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்க 2016 வரை ஆயிற்று. ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த ஆண்டுதான் முதன்முதலாக அதைத் தொட்டியில் முட்டையிலிருந்து வளர்த்தெடுத்தார்கள். ஆகவே வரவேற்பறையில் ஒரு சர்ஜன் மீன் செத்தால், அதன் இடத்துக்கு இன்னொன்று அநேகமாகக் கடலிலிருந்துதான் வர வேண்டும்.

மீனின் தோலைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். செதில்கள்தான் மீனின் வெளிச்சட்டை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் செதில் தோலுக்குள் செருகி வைத்த ஓடு. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய, உயிருள்ள தோல் ஒன்று போர்த்தியிருக்கிறது. அதற்கும் மேலே, மீனைக் கையில் பிடித்தால் நழுவச் செய்யும் வழவழப்பு. ஒரு செதில் கழன்றது என்றால் தோல் கிழிந்தது என்று அர்த்தம். வலையில் வாரி எடுக்கும்போது துணி உரசி வழவழப்பு போனாலே காயத்தின் முதல் படி தாண்டியாயிற்று.

கடல் மீனுக்கு இதில் ஒரு கூடுதல் ஆபத்து. அதன் ரத்தத்தில் உள்ள உப்பு, சுற்றியுள்ள கடல்நீரின் உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஊறுகாய் ஜாடியில் போட்ட மாங்காய்த் துண்டிலிருந்து நீர் இறங்குவதுபோல, மீனின் உடம்பிலிருந்து நீர் ஓயாமல் வெளியே இழுக்கப்படுகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட அது கடல்நீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. குடித்ததில் உள்ள உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. இந்தப் போராட்டத்தில் அதற்குள்ள ஒரே மதில் தோல். அதில் பெரிய ஓட்டை விழுந்தால் மீன் தண்ணீருக்கு நடுவே வறண்டு சாகும். எனவே காயம்தானே என்று அலட்சியமாக இருப்பதற்கும் இல்லை. ஆனால் இயற்கை இதற்கு வழி செய்திருக்கிறது. மீனின் காயத்தில் மனிதனுக்குப் போலப் பொருக்கு கட்டுவதில்லை. ஓரத்தில் உள்ள தோல் செல்கள் சில மணி நேரத்திலேயே நகர்ந்து வந்து ஓட்டையை மூடத் தொடங்கிவிடும். சிறு காயத்தின் மேல் இரண்டாம் நாள் தெரியும் மங்கலான வெண்மை பெரும்பாலும் இந்தப் புதுத் தோல்தான். அதைப் பூஞ்சை என்று நினைத்து மருந்து ஊற்றுகிறவர்கள் ஆறுகிற புண்ணைக் கிளறுகிறார்கள். கடல் மீன்களின் தோலில் உண்மையான பூஞ்சை அபூர்வம் என்பது இன்னொரு விஷயம்.

காயத்துக்கு ஒரு குணம் உண்டு. அது முழு உருவத்தோடு பிறக்கும். இரவு விளக்கணைக்கும்போது இல்லாதது காலையில் முழுதாக இருக்கும். அதன் பிறகு நாளுக்கு நாள் தேயும். நோய் அப்படியல்ல. ஒன்றிரண்டாகத் தொடங்கி வளரும், பரவும், பக்கத்து மீனைத் தொடும். ஆகவே குறியைக் கண்ட முதல் நாளில் செய்ய வேண்டிய முதல் காரியம் அதைப் படம் எடுத்து வைப்பதுதான். செல்போன் எல்லோர் கையிலும் இருக்கிறது. மறுநாள் அதே நேரத்தில், அதே பக்கத்திலிருந்து இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த மருந்துப் புட்டியும் சொல்லாததை அவை சொல்லிவிடும்.

காயத்துக்கு ஒரு காரணமும் இருக்கும். தேடினால் கிடைக்கும். சர்ஜன் மீனுக்கு அந்தப் பெயர் வந்ததே வாலின் அடியில் இரு பக்கமும் வைத்திருக்கும் கத்தியால். சண்டையில் வாலை ஒரு வீசு வீசினால் எதிராளியின் விலாவில் நேர்கோடாக ஒரு வெட்டு விழும். எந்த ஒட்டுண்ணியும் நேர்கோடு போடுவதில்லை. ஏஞ்சல் மீனின் செவுள்மூடியில் ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும். வலையில் பிடித்தால் அது சிக்கிக்கொள்ளும். உதறி விடுவிக்கும்போது கன்னம் கிழியும். அதனால்தான் தெரிந்தவர்கள் அதை வலையால் பிடிப்பதில்லை, பாத்திரத்தால் மொண்டு எடுக்கிறார்கள். வண்ணத்துப்பூச்சி மீன்கள் பலவற்றுக்கு வால் பக்கம் கண்போல ஒரு கறுப்புப் பொட்டு உண்டு. எதிரி அதைத் தலை என்று நினைத்துக் கடிக்க, மீன் எதிர்த் திசையில் தப்பிவிடும். அந்த இடத்தில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தால் தந்திரம் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம், நோய் என்று அல்ல.

கடலில் போலி டாக்டரும் உண்டு. க்ளீனர் ராஸ் என்ற நீலக்கோட்டுச் சிறு மீன் மற்ற மீன்களின் உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்று வாழ்வது. பெரிய மீன்கள் அதன் முன்னால் வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நிற்கும். அதே நிறம், அதே கோடு, அதே ஆட்டத்தோடு வரும் இன்னொரு மீன் இருக்கிறது. இது பிளென்னி குடும்பத்தைச் சேர்ந்தது. சிகிச்சைக்கு நிற்கும் மீனின் துடுப்பை ஒரு கடி கடித்துவிட்டு ஓடுவது இதன் பழக்கம். கடையில் க்ளீனர் என்று இது வந்துவிட்டால், வீட்டில் மர்மமாகத் துடுப்புகள் குறையும். வாய் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். உண்மையான க்ளீனருக்கு வாய் முன்நுனியில் இருக்கும். போலிக்கு சுறாவைப்போல மூக்குக்குக் கீழே.

துடுப்புக் கிழிசலிலும் வித்தியாசம் தெரியும். கடியாலோ உரசலாலோ வந்தது இரண்டு முட்களுக்கு நடுவே சுத்தமாகப் பிளந்திருக்கும், அல்லது அரைவட்டமாக வெட்டுப்பட்டிருக்கும். பாக்டீரியாவால் வந்த அழுகல் ஓரத்திலிருந்து உள்நோக்கித் தின்றுகொண்டே வரும். ஓரம் வெளுத்தோ சிவந்தோ பிசிறு பிசிறாக இருக்கும். முதலாவது அழுகலாக மாறவும் கூடும். விப்ரியோ என்ற பாக்டீரியா கடல்நீரில் எப்போதும் இருப்பது, திறந்த கதவுக்காகக் காத்திருப்பது. தண்ணீர் சுத்தமாக இல்லாத தொட்டியில் எந்தக் காயமும் காயமாகவே நின்றுவிடும் என்று உத்தரவாதமில்லை.

இனி நோய். கடல் தொட்டிக்காரர்களைத் தூங்கவிடாமல் செய்யும் பெயர் வெள்ளைப்புள்ளி. ஜப்பானில் 1930களிலேயே கவனிக்கப்பட்டு, 1951இல் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்று பெயர் சூட்டப்பட்ட ஒட்டுண்ணி இது. மீனின் மேல் ரவையைத் தூவியதுபோல, தனித்தனியாக எண்ணக்கூடிய புள்ளிகள். துடுப்பிலும் இருக்கும், உடம்பிலும் இருக்கும், இரு பக்கமும் இருக்கும். மீன் பாறையில் உடம்பைச் சொறிந்துகொள்ளும். இதிலுள்ள சூது என்னவென்றால், நான்கைந்து நாளில் புள்ளிகள் தாமாகவே மறைந்துவிடும். வீட்டில் கொண்டாட்டம். பூண்டு நசுக்கி இரையில் கலந்தவர் பூண்டைப் புகழ்வார், க்ளீனர் ராஸ் வாங்கி விட்டவர் அதைப் புகழ்வார். நடந்தது வேறு. தோலுக்குள் உட்கார்ந்து தின்று கொழுத்த ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கி, மணலிலும் பாறையிலும் ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஓர் உறை கட்டியிருக்கிறது. அந்த உறைக்குள் அது பிரிந்து பிரிந்து 200 வரை பெருகும். சில நாளிலோ சில வாரத்திலோ உறை வெடிக்கும். அடுத்த முறை புள்ளிகள் எண்ணிக்கையில் அடங்கா.

வெள்ளைப்புள்ளி ரவை என்றால், வெல்வெட் என்று சொல்லப்படும் நோய் மைதா. பக்கவாட்டில் டார்ச் அடித்தால் மட்டும் தெரியும் பொன்நிறத் தூசி. பல மீன்கள் அந்தத் தூசி கண்ணுக்குத் தெரியும் முன்பே செத்துவிடும், ஏனென்றால் இந்த ஒட்டுண்ணி முதலில் இறங்குவது செவுளில். மூச்சு வாங்கும், மீன் வெளிச்சத்தை வெறுக்கும், பம்பின் நீரோட்டத்துக்கு எதிரே முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும். இங்கே தோலைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை, மூச்சை எண்ண வேண்டும். அதற்கு மீன் நன்றாக இருந்த நாளில் ஒரு நிமிடத்துக்குச் செவுள்மூடி எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று எண்ணி எழுதி வைத்திருக்க வேண்டும். இதைச் செய்பவர்கள் குறைவு. சிராய்ப்புப்பட்ட மீனுக்கு மூச்சு சீராக இருக்கும், பசியும் இருக்கும். இரண்டும் கெட்டால், தோலில் ஒன்றுமே தெரியாவிட்டாலும், அது நோய் அல்லது தண்ணீர்க் கோளாறு.

கோமாளி மீனுக்கென்று ஒரு கொடுமை இருக்கிறது. ப்ரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி. தோல் தகடு தகடாகக் கழன்று, வழவழப்பு நூல் நூலாகத் தொங்கும். வலையில் உரசிய தடம் ஒரு பக்கத்தோடு நிற்கும். இது ஒரே நாளில் தலையிலிருந்து வால் வரை போகும். கடலிலிருந்து புதிதாக வந்த கோமாளியிடம் இதைக் கண்டால் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இதற்கு தாமிரம் பலிக்காது, ஃபார்மலின் குளியல்தான். அதிலும் தெரிந்தவர் கை வேண்டும்.

உண்மையான சோதனை பச்சை க்ரோமிஸ் மீனில் வருகிறது. விலை குறைவு, கூட்டமாக அழகாக இருக்கும் என்று ஆறேழு வாங்கி விடுகிறார்கள். வாரத்துக்கு ஒன்றாகக் குறைகிறது. செத்ததன் விலாவில் சிவந்த புண். சண்டையில் ஒன்றையொன்று கடித்துக்கொன்றன என்ற முடிவுக்கு வருவது சுலபம், ஏனென்றால் இவை தங்களுக்குள் சண்டையும் போடுபவை. ஆனால் யூரோனீமா என்ற ஒட்டுண்ணியும் இதே மீனில், இதே இடத்தில், இதே சிவப்பில் புண் வைக்கும். கவனிக்க வேண்டியது புண்ணின் ஆரம்பத்தை. கடி என்றால் முதலிலேயே செதில் போயிருக்கும், ஓரம் வெட்டினாற்போல் இருக்கும், அடுத்த நாள் சிவப்பு வெளிறும். யூரோனீமா என்றால் செதில்கள் இடத்தில் இருக்கும்போதே அவற்றுக்கு அடியில் சிவப்பு பரவும். தோல் உடைவது அதற்கு அப்புறம். உள்ளேயிருந்து வெளியே வருவது நோய், வெளியேயிருந்து உள்ளே போவது காயம். யூரோனீமா மீன் இல்லாமலும் தண்ணீரிலுள்ள பாக்டீரியாவைத் தின்று வாழக்கூடியது. அதனால் தொட்டியைக் காலியாகப் போட்டு வைத்துப் பட்டினி போடும் வித்தை இதனிடம் செல்லாது.

கண்ணும் பேசும். ஒரு கண் மட்டும் புடைத்திருந்தால், அல்லது ஒரு கண் மட்டும் பால்போல மங்கியிருந்தால், அநேகமாக எதிலோ மோதியிருக்கிறது. இரண்டு கண்ணும் என்றால் உடம்புக்குள் ஏதோ நடக்கிறது, அல்லது கண்ணில் தட்டைப்புழுக்கள் இருக்கின்றன. இந்தப் புழுக்கள் கண்ணாடிபோலத் தெளிவானவை. மீனின் மேல் இருக்கும்போது தெரியாது. உப்பில்லாத நீரில், வெப்பமும் காரத்தன்மையும் தொட்டி நீருக்குச் சமமாக்கி, மீனை ஐந்து நிமிடம் விட்டால் புழுக்கள் வெளுத்து உதிரும். பாத்திரத்தின் அடியில் எள்ளுபோலக் கிடக்கும். சிகிச்சையும் அதுவே, பரிசோதனையும் அதுவே. மீன் தாங்காமல் துடித்தால் அந்தக் கணமே எடுத்துவிட வேண்டும்.

இரண்டு பக்கமும் ஒரே அளவில் வரும் குறியில் ஒரு விதிவிலக்கு. சர்ஜன், ஏஞ்சல் மீன்களின் தலையிலும் பக்கக்கோட்டிலும் தோல் குழி குழியாக அரிக்கப்படுவது உண்டு. இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கும்; ஆனால் மற்ற மீன்களுக்குத் தொற்றாது. பல ஆண்டுகளாக வைட்டமின் குறைவு, மின்கசிவு என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, தண்ணீரைச் சுத்தப்படுத்தப் போடும் கரியின் மேல் குற்றத்தைத் திருப்பியது. கரி வடிகட்டி வைத்த தொட்டியிலிருந்த சர்ஜன் மீன்களுக்கு இந்த அரிப்பு வந்தது, கரி இல்லாத தொட்டியில் வரவில்லை. சுத்தம் செய்ய வந்ததே ரணத்தை உண்டாக்கியிருக்கிறது. இதைக் காயத்தில் சேர்ப்பதா நோயில் சேர்ப்பதா என்று புத்தகங்கள் முடிவு செய்யட்டும்; மீன்காரர் கரியை மாற்றிப் பார்க்கலாம்.

துடுப்பில் காலிஃப்ளவர் துண்டு ஒட்டியதுபோல வெள்ளைக் கட்டி வந்தால் அது லிம்போசிஸ்டிஸ். வைரஸ் நோய். கடி பட்ட இடத்திலோ, பயணத்தில் நலிந்த மீனிலோ தலைகாட்டும். மருந்து கிடையாது, பெரும்பாலும் மருந்து தேவையுமில்லை; நல்ல தண்ணீரும் நல்ல தீனியும் கிடைத்தால் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். பார்க்கப் பயங்கரமாக இருப்பதால் இதற்காகச் செலவழிக்கப்படும் மருந்துக்குக் கணக்கில்லை. வெட்டி எடுக்கிற துணிச்சல்காரர்களும் இருக்கிறார்கள்.

காயமும் இல்லாமல் நோயும் இல்லாமல் மருந்து வாங்கிக்கொள்ளும் மீன்கள் தனி. நள்ளிரவில் விளக்கைப் போட்டுப் பார்த்தால் நீல சர்ஜன் வெளிறிப்போயிருக்கும். நம் கடலோரத்தில் ஓரா என்று சொல்லும் குடும்பத்து மீன்கள் தூங்கும்போது உடம்பெங்கும் பழுப்புத் திட்டுகளை ஏற்றிக்கொள்ளும். கிளிமீன்களில் சில இரவில் தன்னைச் சுற்றி வழவழப்பால் ஒரு கொசுவலை கட்டிக்கொண்டு தூங்கும். கொசுவலை என்பது உவமைக்காகச் சொன்னதல்ல, ரத்தம் உறிஞ்சும் சிறு உயிரிகளை அது தடுக்கிறது என்று ஆய்வே இருக்கிறது. கோமாளி ஜோடியில் சின்னது பெரியதன் முன்னால் உடம்பை வெடவெடவென்று நடுக்கும். வலிப்பு அல்ல, "நீயே பெரியவள்" என்ற பணிவு. பொரிப்பகத்தில் பிறந்த கோமாளிகளுக்கு வெள்ளைப் பட்டை பாதியில் நின்றுபோயிருக்கலாம், செவுள்மூடி சற்றுக் குட்டையாக இருக்கலாம். அது பிறவிக் குறை. புதிதாக ஒரு கடல் சாமந்தியோடு ஒட்டி வாழத் தொடங்கிய கோமாளியின் மேல் கறுப்புத் திட்டுகள் வரும், சில வாரத்தில் போகும்.

பயணமும் ஒரு காயம். விமானத்தில் பிளாஸ்டிக் பையில் ஒரு நாளைக்கு மேல் அடைபட்டு வரும் மீன், தன் மூச்சும் கழிவும் கலந்த நீரிலேயே இருக்கிறது. கரியமில வாயு நீரைப் புளிக்க வைப்பதால் அமோனியா அதிகம் கடிப்பதில்லை. பையைத் திறந்ததும் வாயு வெளியேறுகிறது, புளிப்பு குறைகிறது, அமோனியாவுக்கு வீரியம் வருகிறது. நிதானமாகப் பழக்கப்படுத்துகிறேன் என்று அந்தப் பையிலேயே மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக நீர் விடுகிறவர்கள் செவுளைப் பொசுக்குகிறார்கள். வந்த அன்றே செவுள் சிவந்து மூச்சு வாங்கும் மீனுக்கு ஒட்டுண்ணி மருந்து கொடுப்பது, தீப்புண்ணுக்கு அம்மை வைத்தியம் பார்ப்பது. வந்து நான்கைந்து நாள் நன்றாக இருந்து அப்புறம் மூச்சு வாங்கினால் அது வேறு சங்கதி. பழைய மீன்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கினால் மருந்தைத் தொடாமல் முதலில் அமோனியா சோதனைப் புட்டியை எடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு நோய்தான் என்று ஆனால்? மருந்து வெள்ளைப்புள்ளிக்கும் வெல்வெட்டுக்கும் ஒன்றுதான், தாமிரம். நம் ஊர் மயில்துத்தத்தின் வம்சம். பலிக்கும் அளவு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் தாமிரம். குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும், கூடினால் மீன் சாகும். வேறு பொருளோடு கட்டி விற்கும் தாமிர மருந்துகளுக்கு அளவு வேறு. இரண்டு மூன்று வாரம், தினம் அளந்து அளந்து இதே அளவில் வைத்திருக்க வேண்டும். தோலுக்குள் இருக்கும் வெள்ளைப்புள்ளியை அது தொடாது. உறையிலிருந்து வெளிவந்து நீந்தும் குஞ்சுகளைத்தான் கொல்லும். அதனால்தான் இரண்டு நாளில் நிறுத்தும் வைத்தியம் வைத்தியமே அல்ல. நத்தை, இறால், பவளம், கடல் சாமந்தி எதுவும் தாமிரத்தைத் தாங்காது. பாறையும் பவள மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு அளவைக் குழப்பும். எனவே சிகிச்சை அலங்காரத் தொட்டியில் நடக்கவே கூடாது. மணலோ பாறையோ இல்லாத வெறும் கண்ணாடித் தொட்டி, ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டு, ஒரு ஹீட்டர், பழகிய ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். மீன்கள் அத்தனையும் அங்கே போன பிறகு, பெரிய தொட்டி மீனில்லாமல் பத்து வாரமாவது கிடக்க வேண்டும். சில உறைகள் அவ்வளவு காலம் கழித்தும் வெடிப்பதுண்டு. வெளிவந்த குஞ்சு ஓரிரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும்.

நாய்க்கும் பூனைக்கும் டாக்டர் இருக்கிறார், மீனுக்கு இல்லை என்பது பொதுவான புலம்பல். முழு உண்மை அல்ல. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி, மும்பையின் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் போன்ற இடங்களில் மீன் நோய் ஒரு பாடம். தோலை லேசாக வழித்து எடுத்த வழவழப்பை ஒரு கண்ணாடித் தகட்டில் வைத்துச் சாதாரண பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே ஓடித் திரியும் ஒட்டுண்ணி தெரிந்துவிடும். ஆனால் நாட்டின் பெரும்பாலான ஊர்களில் அந்த மைக்ராஸ்கோப்பின் இடத்தில் கடைக்காரரின் அனுபவம்தான் இருக்கிறது. அனுபவம் நல்லதாகவே இருக்கலாம். அவர் மீனைப் பார்க்காமல், போனில் சொன்னதைக் கேட்டு, தன் அலமாரியில் இருக்கும் புட்டியைச் சிபாரிசு செய்கிறார் என்பதுதான் தகராறு.

காயம்தான் என்று தெரிந்தால் வேலை சுலபம், செய்யத்தான் பலருக்குக் கை வருவதில்லை. குற்றவாளியைப் பிரிக்க வேண்டும், அடிபட்டதை அல்ல; அடிபட்டதைத் துரத்திப் பிடிப்பது இன்னொரு அடி. சண்டைக்காரன் சில நாள் வேறிடத்தில் இருந்துவிட்டுத் திரும்பும்போது பாறைகளை இடம் மாற்றி வைத்திருந்தால், எது தன் எல்லை என்று அவனுக்கே தெரியாமல் போகும். தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றலாம், வெளிச்சத்தைக் குறைக்கலாம், நல்ல தீனி போடலாம். ஓரம் சிவக்கிறதா, வெளுக்கிறதா என்று தினம் பார்க்கலாம். துடுப்பின் சவ்வு ஓரிரு வாரத்தில் இணைந்துவிடும். செதில் போன இடத்தில் புதிது முளைக்கும், சில சமயம் நிறம் சற்று மாறி. முள் அடியோடு போகாமல் ஒடிந்திருந்தால் அதுவும் வளரும். வளர்ந்த முள் ஒடிந்த இடத்தில் லேசாக வளைந்திருக்கும். பல மாதம் கழித்து அந்த வளைவைப் புது நோய் என்று நினைத்து ஒருவர் மறுபடியும் போனை எடுப்பார்.